ஆலாத்திட்டுப் படகுக்கு ஒரு சீல்

"அம்மா, எந்த சீல் போடணும்னு மட்டும் சொல்லிருங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

அங்குசாமி இதைச் சொன்னபோது படகுக்குள் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் கணுக்காலுக்கு மேலே இருந்தது.

தவமணி மேல்தட்டில் உட்கார்ந்து பாயின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். பக்கத்தில் கிடந்த வாளியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இறைக்கிறது இருக்கட்டும்மா. அது தினம் இறைக்கிறதுதான். சீல் எது?"

வாளி நீட்டியபடியே இருந்தது.

வாங்கி இறைத்தார்.

அவளைவிட அவர் இருபது வயது மூத்தவர். ஆனாலும் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். அவள் குரு. அவர் சீடர். இதில் யாருக்கும் குழப்பம் இல்லை.

அவள் எப்படிக் குருவானாள் என்பது பெரிய கதை இல்லை. ஆறு கடலில் விழுகிற இடத்துக்கு எதிரே ஆலாத்திட்டு என்று ஒரு மணல் திட்டு. அதில் ஒரு சாமியார் இருந்தார். போய்ச் சேர்ந்தார். அவருக்குச் சமைத்துப் போட்டவள் தவமணி. மறுநாளும் அடுப்பை மூட்டினாள். வந்தவர்கள் அவளிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். பாதிக் கேள்விக்கு அவள் பதில் சொல்லவில்லை. அதனாலேயே இன்னும் கொஞ்சம் பேர் வந்து தங்கினார்கள்.

படகு ஒரு வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போனது. பழைய பாய்மரப் படகு. ஓட்டுவதை அவரிடமே கற்றுக்கொண்டாள். சும்மா இருப்பதை யாரிடம் கற்றாள் என்று தெரியாது.

காற்று இருந்தால் பாய். இல்லாவிட்டால் எஞ்சின். எஞ்சினிலிருந்து ஓர் இரும்புத் தண்டு படகின் வயிற்றைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும். தண்ணீருக்குள் விசிறியைச் சுற்றும். துளைத்த இடத்தில் கடல் உள்ளே வராமல் தடுக்க ஒன்று வேண்டும். அதுதான் சீல்.

அதுதான் போய்விட்டது.

ஐப்பசி பிறந்தால் ஆறு வேகமாக வரும். முகத்துவாரத்தைப் பாயை நம்பித் தாண்ட முடியாது. மீன்காரர்களின் வள்ளங்களும் மழை மாதங்களில் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. எஞ்சின் ஓடாவிட்டால் அரிசி வராது. அரிசி வராவிட்டால் மழைக்கு முன்னால் எல்லோரும் திட்டைக் காலி செய்ய வேண்டும்.

அங்குசாமிக்குப் போக இடம் இல்லாமல் இல்லை. மகன் வீட்டில் மாடி அறை சும்மாதான் கிடந்தது. மருமகளும் நல்லவள். காலையில் டீயைக் கையில் கொடுத்து, உக்காருங்க மாமா என்பாள்.

ராத்திரி வரை உட்கார வேண்டும்.

அவருக்கு அதுதான் பயம்.

முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு பஞ்சாயத்தில் தண்ணீர் டேங்க் ஆபரேட்டராக இருந்தவர் அவர். மோட்டாரைப் போடு என்றால் போடுவார். நிறுத்து என்றால் நிறுத்துவார். தெற்குத் தெருவுக்குத் திறந்துவிடு என்று தலைவர் சொன்னால் திறப்பார். மேலத் தெருக்காரன் வந்து கத்தினால், தலைவர்ட்டப் போய்க் கேளுப்பா என்பார். சர்வீஸ் முழுக்க ஒரு வால்வைக்கூடத் தானாகத் திறந்ததில்லை. அதனால் அவர்மேல் ஒரு புகாரும் வந்ததில்லை.

ரிட்டயர் ஆனார். சொல்ல ஆளில்லாமல் போனது.

ஆள் தேடித்தான் திட்டுக்கு வந்தார். வந்த இடத்தில் இப்படி ஒரு அம்மா.

உப்பு குறைச்சல், விறகை நனைய விடாதீங்க, செருப்பை அங்கே கழற்றுங்க, இதையெல்லாம் சொல்வாள். எப்படி உட்காரணும், எதை நினைக்கணும், படகை என்ன செய்யணும், இதில் எதையும் சொல்ல மாட்டாள்.

இறைத்து முடித்து, நிமிர்ந்து, "அம்மா, நீங்க சொல்லாம நான் எப்படி வாங்குறது?" என்றார்.

"கடைக்குப் போய்," என்றாள்.

*

மீன்காரர் வள்ளத்தில் ஏறி அக்கரைக்குப் போனார். அங்கே இஞ்ஞாசி கடை. வலை மிதவை, கயிறு, பேரிங், எஞ்சின் சாமான் எல்லாம் கிடைக்கும். அதற்குள் உட்கார இஞ்ஞாசிக்கு மட்டும் இடம் இருக்கும்.

"என்ன வேணும்?"

"சீல். எங்க படகு ஷாஃப்ட்டுக்கு."

"என்ன சீல்?"

"நீங்களே சொல்லுங்க."

இஞ்ஞாசி சிரித்தார். மேசைமேல் மூன்றை எடுத்துப் போட்டார்.

முதலாவது ஒரு சதுரக் கயிறு. மெழுகு ஏறி வழவழவென்று இருந்தது.

"இது கிளாண்டு கயிறு. இப்ப உங்க படகுல இருக்கதும் இதான், மக்கிப் போயிருக்கும். வளையம் வளையமா வெட்டி தண்டைச் சுத்தி வச்சு, நட்டைப் போட்டு இறுக்கணும். கொஞ்சம் சொட்டும்."

"சொட்டுமா?"

அங்குசாமியின் முகம் சுருங்கியது. அவர் ஊரில் குழாய் சொட்டினால் தலைவர் வீட்டு வாசலில் கூட்டம் கூடும்.

இரண்டாவது ஒரு கறுப்பு வளையம். உள்ளே மெல்லிசாக ஒரு ஸ்பிரிங்.

"ஆயில் சீல். பைக்குக்குப் போடுற மாதிரிதான். சொட்டாது. ஆனா தண்டுல ஒரு கீறல்கூட இருக்கப்படாது."

மூன்றாவது, ரப்பரில் செய்த துருத்தி மாதிரி ஒன்று. முனையில் வழவழவென்று ஒரு கரி வட்டு.

"வெளிநாட்டுப் படகுக்காரங்க இப்ப இதான் போடுறாங்க. வட்டு வட்டோட ஒட்டிக்கிட்டே சுத்தும். உள்ள காய்ஞ்சு கிடக்கும். பாய் விரிச்சுப் படுக்கலாம்."

"ரப்பர் கிழிஞ்சா?"

"கிழிஞ்சா பாயைச் சுருட்ட நேரம் இருக்காது."

அங்குசாமி மூன்றையும் பார்த்தார். கயிறு சொட்டும். வளையம் தண்டைப் பொறுத்தது. துருத்தி ரப்பரைப் பொறுத்தது.

"எதை வாங்கட்டும்?"

"யார் படகு?"

"அம்மாவுது."

"யார் ஓட்டுறது?"

"அம்மாதான்."

"அந்தச் சந்துக்குள்ள குப்புறப் படுத்து கைய விடுறது?"

"நான்."

"அப்ப?"

அங்குசாமி போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டார்.

"அம்மா, மூணு இருக்கு. ஒண்ணு கயிறு, ஒண்ணு வளையம், ஒண்ணு ரப்பர். எது எடுக்கட்டும்?"

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் கேட்டது. அதற்கு நடுவே அவள் குரல் வந்தது.

"வெண்டைக்காய் வாங்குனா முத்தலா எடுத்துராதீங்க அண்ணே."

வைத்துவிட்டாள்.

அங்குசாமி போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். முத்தல் என்றால் பழையது. பழையது என்றால் கயிறு. கயிறு வேண்டாம் என்கிறாளா. இளசு என்றால் வளையும். வளைவது ரப்பர். ரப்பரை எடு என்கிறாளா.

"என்ன சொன்னாங்க?" என்றார் இஞ்ஞாசி.

"வெண்டைக்காய் வாங்கச் சொன்னாங்க."

"அதுல என்ன யோசனை? சந்தை அந்தப் பக்கம் இருக்கு."

கடைசியில் மூன்றையும் எடுத்துக்கொண்டார். வேண்டாததைத் திருப்பிக் கொடுங்க என்றார் இஞ்ஞாசி. வெண்டைக்காயும் வாங்கினார். ஒவ்வொன்றாக நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கினார். அதற்கு யாரையும் கேட்கவில்லை.

*

சமையல் கொட்டகைக்கு முன்னால் பாயை விரித்து மூன்றையும் வரிசையாக வைத்தார்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பரிமளம் எட்டிப் பார்த்தாள். பரிமளம் திட்டுக்கு எல்லோருக்கும் முன்னால் வந்தவள். ஞானம் வந்ததா என்று கேட்டால், வந்தா சொல்றேன் என்பாள்.

"என்ன அங்குசாமி, கொலுவா?"

"அம்மா ஒண்ணை எடுக்கட்டும்னு வச்சிருக்கேன்."

"எடுப்பாங்க. நீங்க பெட்டியைக் கட்டி வையுங்க. மகன் வீட்டுல டிவி பெருசாம்ல."

தவமணி வந்தாள். பாய்க்கு எதிரே உட்கார்ந்தாள். ரப்பர் துருத்தியைக் கையில் எடுத்தாள். அமுக்கினாள். விட்டாள்.

"இதை எப்படி அண்ணே மாட்டுறது?"

"தண்டை எஞ்சின்லருந்து கழட்டி இழுக்கணும்மா. அதுக்குப் படகைக் கரையேத்தணும்."

வளையத்தை எடுத்தாள்.

"இது?"

"இதுவும் அப்படித்தான்."

கயிற்றை எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"இது படகு தண்ணியில இருக்கப்பவே போட்டுறலாம்மா. துணியை அடைச்சுக்கிட்டு வேகமாப் பாக்கணும். கொஞ்சம் தண்ணி வரும்."

கயிற்றைப் பாயில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"அப்ப கயிறுதானாம்மா?"

"நான் கேட்டேன். நீங்க சொன்னீங்க."

போய்விட்டாள்.

அங்குசாமிக்குப் பெரிய நிம்மதி. அம்மா கயிற்றைத்தான் கடைசியாகத் தொட்டாள். கயிற்றைத்தான் முகர்ந்தாள். அம்மா கயிறு என்று சொல்லிவிட்டாள். அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

அன்றே வேலையை ஆரம்பித்தார். பழைய கயிறு சகதி மாதிரி வந்தது. தோண்டி எடுத்தார். புதிய கயிற்றைத் தண்டின்மேல் சுற்றி அளந்து வளையமாக வெட்டினார். ஒரு வளையத்தின் வெட்டு வாய் மேலே இருந்தால் அடுத்ததன் வாயைக் கீழே வைத்தார். நட்டைப் போட்டார். இறுக்கினார்.

சொட்டியது.

இன்னும் இறுக்கினார்.

சொட்டியது.

ஸ்பேனர்மேல் முட்டியை வைத்து, மூச்சைப் பிடித்து, இறுக்கினார்.

நின்றது. கீழே கையை வைத்துத் தடவினார். காய்ந்திருந்தது. டேங்க் ஆபரேட்டரின் கை அது, ஈரம் இருந்தால் விடாது.

"ஒரு சொட்டு இல்லம்மா," என்றார். திட்டுக்கு வந்த பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு இருந்ததில்லை.

தவமணி சுக்கானுக்கு வந்தாள். எஞ்சினைப் போட்டாள்.

முகத்துவாரம் வரை போய்விட்டுத் திரும்பலாம் என்று கிளம்பினார்கள். பாதி தூரம்கூடப் போகவில்லை. முதலில் ஒரு வாசனை வந்தது. மெழுகு கருகுகிற வாசனை. அப்புறம் பலகைக்கு அடியிலிருந்து புகை. எஞ்சின் முனகியது. நின்றது.

தண்டு சுற்றுகிறது. கயிறு அதைப் பிடித்து உரசுகிறது. நடுவில் ஈரம் இல்லை. சூடு ஏறுமா, ஏறாதா. ஏறியது.

தவமணி பாயை ஏற்றினாள். அன்று காற்று அவ்வளவாக இல்லை. பக்கத்திலேயே தெரிந்த திட்டுக்குத் திரும்பி வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. 

துறையில் படகைக் கட்டியதும் அவரால் அடக்க முடியவில்லை.

"அம்மா, நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன்."

"என்ன சொன்னேன்?"

யோசித்தார். கயிறு என்று சொன்னாளா. இல்லை. இறுக்கு என்று சொன்னாளா. இல்லை. வெண்டைக்காயைப் பற்றிச் சொன்னாள். அது நல்ல வெண்டைக்காய்.

"ஒண்ணும் சொல்லல," என்றார்.

"ம்," என்றாள்.

*

வானம் கிழக்கே கறுக்க ஆரம்பித்தது. சில பேர் மூட்டை கட்டினார்கள். கடைசி வள்ளங்களில் ஏறிப் போனார்கள். பரிமளம் மட்டும் பெரிய பானைகளைக் கழுவிக் கவிழ்ப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தாள். போகிறோமா இருக்கிறோமா என்று தெரிந்தால் ஒரே தடவையாகக் கவிழ்த்துவிடலாம் என்றாள்.

மகன் போன் செய்தான்.

"அப்பா, மேல் ரூம்ல ஃபேன் மாத்தியாச்சு. எப்ப வர்றீங்க?"

"சொல்றேன்ப்பா."

"யார்ட்ட கேக்கணும்?"

அவர் போனை வைத்துவிட்டார். பையன் கிண்டலாகக் கேட்கவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

தவமணி வாசலில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அங்குசாமி போய் எதிரே நின்றார்.

"அம்மா, கயிறு இன்னும் மிச்சம் இருக்கு. திரும்பப் போடலாம். முழுசா இறுக்குனா கருகுது. விட்டா உள்ள தண்ணி வருது. எவ்வளவு இறுக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

அவள் நிமிர்ந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பைப் பார்த்தாள்.

"வேட்டியை எவ்வளவு இறுக்கிக் கட்டியிருக்கீங்க?"

அங்குசாமி குனிந்து பார்த்தார்.

"அது... அவுந்துறாத அளவுக்கு."

"மூச்சு முட்டுதா?"

"இல்லையே."

"காலைல யாரைக் கேட்டுக் கட்டுனீங்க?"

"இதுக்குப் போய் யாரும்மா யாரைக் கேப்பாங்க?"

அவள் கீரைக்குத் திரும்பிவிட்டாள். ஒரு காம்பை ஒடித்தாள். அடுத்த காம்பை எடுத்தாள்.

அவர் இன்னும் ஏதாவது வரும் என்று பார்த்தார். கீரை மட்டும்தான் குறைந்துகொண்டே வந்தது.

திரும்பிப் படகுக்கு நடந்தார்.

கருகிய கயிற்றைத் தோண்டி எடுத்தார். தண்டில் மெல்லிசாகக் கீறல் விழுந்திருந்தது. விரலால் தடவிப் பார்த்தார். நகம் மாட்டவில்லை. எமரித் தாள் போட்டுத் தேய்த்தார். ஆயில் சீல் இனி இதற்கு ஆகாது. அதை அவரே முடிவு செய்தார், முடிவு செய்கிறோம் என்று தெரியாமலே. துருத்திக்குப் படகைக் கரையேற்ற வேண்டும். ஏற்ற ஆள் இல்லை, ஆட்கள் எல்லாம் போயாச்சு. கயிறுதான்.

புது வளையங்களை வைத்தார். நட்டைக் கையால் திருகினார். ஸ்பேனரை எடுக்கவில்லை.

படகைத் துறையில் நாலு பக்கமும் இழுத்துக் கட்டினார். எஞ்சினைப் போட்டு கியரையும் போட்டார். விசிறி சுற்றியது. படகு கயிறுகளை இழுத்துக்கொண்டு அதே இடத்தில் நின்று உறுமியது. அவர் சந்துக்குள் குப்புறப் படுத்து, நட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

தண்ணீர் ஓடியது. கொஞ்சம் இறுக்கினார்.

சொட்டியது. கொஞ்சம் இறுக்கினார்.

நின்றது. கை சுட்டது. தளர்த்தினார்.

சொட்டியது. கை குளிர்ந்தது.

அப்படியே படுத்திருந்தார். ஒரு சொட்டு விழும். கொஞ்சம் பொறுத்து அடுத்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் அவருடைய வலது கை தானாக ஸ்பேனர் பக்கம் போனது. வாழ்நாள் முழுக்கக் குழாயை மூடிய கை. போன கையை இழுத்துக்கொண்டார். திரும்பவும் போனது.

கடைசியில் எழுந்து உட்கார்ந்து, வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். இடது கையை நட்டின்மேல் வைத்திருந்தார்.

பரிமளம் மோர் கொண்டுவந்தாள்.

"கைய ஏன் இப்படி அடைகாக்குறீங்க?"

"அது சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

"யார் சொன்ன பேச்சு?"

 மோரை இடது கையால் வாங்கிக் குடித்தார்.

எஞ்சின் வெகுநேரம் ஓடியது. புகை இல்லை. வாசனை இல்லை. அடியில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தது. ஒரு சொம்பு இருக்கும்.

எஞ்சினை நிறுத்திவிட்டுத் தவமணியிடம் போனார்.

"சொட்டுதும்மா."

"ம்."

"சூடு இல்ல."

"ம்."

"சரியாம்மா?"

அவள் அவரையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் தலையைச் சொறிந்தார். திரும்பி நடந்தார். வேலி வரை போனார். திரும்பி வந்தார்.

"சரி," என்றார். இந்தத் தடவை அது கேள்வி இல்லை.

"அப்ப நாளைக்கு அரிசிக்குப் போயிட்டு வருவோம்," என்றாள்.

*

போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. மழைக்காலம் முழுக்கத் தேவையான அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், பரிமளத்துக்கு ஒரு தைலம். எல்லாவற்றையும் ஏற்றினார்கள். முன்பக்கத் தட்டில் இருந்த மூடியைத் திறந்து மூட்டைகளை உள்ளே இறக்கி அடுக்கினார்கள்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது.

முகத்துவாரத்துக்கு வந்தபோது ஆறு செம்மண் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கடல் மேலே ஏறி வந்தது. இரண்டும் மோதும் இடத்தில் அலை எந்தப் பக்கம் எழும் என்று சொல்ல முடியாது. இடது கைப் பக்கம் மணல்மேடு. அங்கே அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. எஞ்சின் நின்றால் படகு அங்கேதான் போகும். அரிசியோடு போகும்.

தவமணி சுக்கானைப் பிடித்திருந்தாள். ஈரச் சேலை காலோடு ஒட்டியிருந்தது. கண்ணை அலையிலிருந்து எடுக்கவில்லை. அதற்கு நடுவில் ஒரு தடவை கீழே பார்த்தாள்.

உள்ளே தரைப் பலகைக்கு மேல் தண்ணீர் வந்திருந்தது. ஒரு செருப்பு மிதந்தது.

"அண்ணே."

"அம்மா."

"தண்ணி ஏறுது. சீல்தான். நட்டை இறுக்குங்க."

அவர் அவளைப் பார்த்தார். சரியாகக் கேட்டோமா என்று பார்த்தார்.

"இறுக்குங்க அண்ணே. முழுசா இறுக்குங்க."

அவர் உள்ளே இறங்கினார். பலகையைத் தூக்கினார். தண்ணீருக்குள் கையை விட்டு ஸ்பேனரைத் தேடி எடுத்தார். நட்டில் மாட்டினார்.

மாட்டிவிட்டு, பழக்கத்தில், இடது உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

குளிர்ந்திருந்தது. தண்டு சீராகச் சுற்றியது. ஒரு சொட்டு விரலில் விழுந்தது. கொஞ்சம் பொறுத்து அடுத்தது. துறையில் கட்டிப்போட்டு ஓட்டியபோது எப்படி விழுந்ததோ அப்படியே. இந்தச் சொட்டு விழுந்து இவ்வளவு தண்ணீர் சேர வேண்டுமானால் தை மாதம் ஆகும்.

படகு முன்னால் குத்திட்டு இறங்கியது. முன்பக்கம் சளார் என்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தார். மூட்டைகளுக்கு மேலே இருந்த மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு அலைக்கும் அதன் வழியாக ஒரு குடம் தண்ணீர் உள்ளே கொட்டியது.

மூட்டைகள்மேல் ஊர்ந்து போனார். தோளைக் கொடுத்து மூடியை அமுக்கினார். கொக்கியை மாட்டினார். கொக்கியை நம்பாமல் துண்டை அவிழ்த்து அதைச் சுற்றியும் ஒரு கட்டுப் போட்டார். ஊர்ந்து திரும்பி வந்தார்.

மேலேயிருந்து குரல் வந்தது.

"இறுக்கியாச்சா?"

"முன் மூடி தெறந்து கிடந்துச்சும்மா. மூடிட்டேன்."

"அதைக் கேக்கல. இறுக்கியாச்சா?"

"இல்ல."

ஓர் அலை படகைத் தூக்கிக் கீழே போட்டது. எஞ்சின் ஒரு நொடி வேறு குரலில் கத்திவிட்டு, திரும்பப் பழைய குரலுக்கு வந்தது. முகத்துவாரத்தில் இன்னும் பாதி பாக்கி இருந்தது.

"அண்ணே, நான் சொல்றேன்ல. இறுக்குங்க."

அவர் படியில் நின்று அவள் முகத்தைப் பார்த்தார். பயப்படுகிறாளா, சோதிக்கிறாளா என்று தெரியவில்லை. மழையில் எல்லா முகமும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

குனிந்து உள்ளே போனார். நட்டின் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். ஸ்பேனர் மாட்டியபடியே இருந்தது. வலது கை அதைப் பிடித்திருந்தது. இடது கையில் சொட்டு விழுந்தது.

இதற்காகத்தான் அவர் திட்டுக்கு வந்தது. அம்மா வாயால், நேராக, விளங்காமல் போக வழியே இல்லாத ஒரு பேச்சு. எதைச் செய்ய வேண்டும், எவ்வளவு செய்ய வேண்டும் என்று எல்லாம் அதிலேயே இருந்தது. இரண்டு தடவைக்கு மூன்று தடவையாகச் சொன்னாள். இறுக்கு என்றாள்.

அவர் இறுக்கவில்லை.